ரத்தம் எடுக்கும் முன் விவரம் சொல்!

தனியார் பரிசோதனைக் கூடங்கள் விற்கும் ‘ஆண்களுக்கான முழு உடல் பரிசோதனை’த் தொகுப்புகளில் பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை இன்று வழக்கமான ஒன்றாகிவிட்டது. புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிந்து உயிர் காக்கும் என்பது அதன் விளம்பரம். இதைக் கண்டு நம் அணிகளிலும் ஒரு கேள்வி எழுகிறது: செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வசதி படைத்தவர்க்குக் கிடைப்பது தாராவித் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நாமே இலவச முகாம் நடத்தினால் என்ன?

கேள்வியின் நோக்கம் நேர்மையானது. ஆனால், அது எழுப்பும் கோரிக்கை சந்தை வகுத்துக் கொடுத்த கோரிக்கை. சந்தை மறைப்பதை முதலில் வெளிக்கொணர்வோம்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம். புற்றுநோயால் மட்டுமன்றி, வயதால் வரும் சாதாரண வீக்கத்தாலும் நோய்த்தொற்றாலும் அதன் அளவு உயரும். புற்றுநோயே இருந்தாலும், அது உயிரைப் பறிக்கும் வகையா, ஆயுள் முழுதும் தொல்லை தராமல் கிடக்கும் வகையா என்பதை அந்த எண் சொல்லாது. 1970இல் புராஸ்டேட் சார்ந்த புரதத்தைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் அப்ளின், இதைக் கொண்டு ஆண்களைக் கூட்டங்கூட்டமாகப் பரிசோதிப்பதை 2010இல் பொது சுகாதாரப் பேரழிவு என்றே கண்டித்தார்.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 55 முதல் 69 வயதுள்ள 1,000 ஆண்களைத் தொடர்ந்து பரிசோதித்தால் 240 பேருக்கு அளவு கூடுதலாகத் தெரியும். 100 பேருக்குத் திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியாகும். 80 பேர் அறுவை அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவர். அவர்களில் 50 பேர் பாலுறவுத் திறனை இழப்பர். 15 பேர் சிறுநீரை அடக்கும் ஆற்றலை இழப்பர். இத்தனைக்கும் பிறகு மரணத்திலிருந்து காப்பாற்றப்படுபவர் ஒருவர் அல்லது இருவர். பரிசோதனையையும் மீறி ஐவர் இந்நோயால் இறப்பர். ஐரோப்பிய நாடுகளில் 23 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 ஆண்களுக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது.

ஆக, நன்மை உண்டு, அது சிறிது. தீங்கும் உண்டு, அது சிறிதல்ல. இவ்விரண்டையும் எடை போட்டு முடிவு செய்ய வேண்டியவர் அந்த மனிதரே. அதனால்தான் அப்பணிக்குழு 55–69 வயதினருக்கு மருத்துவருடன் கலந்து பேசி அவரவர் முடிவெடுக்குமாறும், 70 வயதைக் கடந்தோருக்கு இப்பரிசோதனை வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது.

தீங்கின் சுமை எல்லா வர்க்கத்திற்கும் ஒன்றல்ல. சிறுநீரை அடக்க இயலாத மனிதர், தனிக் கழிப்பறையுள்ள அடுக்குமாடி வீட்டில் வாழ்வது வேறு. தாராவியின் சந்தில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பது வேறு. தோல் பட்டறையில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவருக்கு அது கூலியிழப்பு. இலவச முகாமில் ரத்தம் எடுக்கக் காசில்லை. அதன்பின் வரும் ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அறுவைக்கும் காசுண்டு. முகாம் என்பது பல நேரம் வாடிக்கையாளர் பிடிக்கும் வலை.

அப்படியானால் நோயை முன்கூட்டியே கண்டறிவதற்கு நாம் எதிரிகளா? இல்லை. பரேலில் உள்ள பொதுத்துறை நிறுவனமான டாடா நினைவு மருத்துவமனை, 1998இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், விலை மலிந்த வினிகரைத் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்தனர். அப்புற்றுநோயால் நேரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. பயன் மெய்ப்பிக்கப்பட்ட பரிசோதனையை வீடுதோறும் கொண்டு செல். மெய்ப்பிக்கப்படாததைத் திணிக்காதே – இதுவே மக்கள் மருத்துவம். 2016இல் ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டுதலிலும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பொதுப் பரிசோதனை; புராஸ்டேட் அதில் இல்லை. எழுதியதை நிறைவேற்ற ஆளும் பணமும் ஒதுக்காததே அரசின் குற்றம். 2025க்குள் பொது சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. கெடு கடந்தது, இலக்கு எட்டப்படவில்லை.

விவரம் அறிந்து முடிவெடுப்பது சலுகையல்ல, உரிமை. சிகிச்சையின் நோக்கம், பயன், மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றைப் போதிய அளவில் சொல்லாமல் பெறும் ஒப்புதல் செல்லத்தக்கதல்ல என்று சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் 2008இலேயே தீர்ப்பளித்தது. நோய் கண்டறியத் தரும் ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. தலைமுறைகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளிக்கு, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் அது ஒப்புதலாகுமா?

எனவே நம் கோரிக்கை முகாம் அல்ல. மக்கள் ‘சோட்டா சயான்’ என்றழைக்கும் தாராவி நகர்ப்புற சுகாதார மையத்திலும், செம்பூர் வட்டாரத்தின் மாநகராட்சி மருத்துவ நிலையங்களிலும், மேற்கண்ட கணக்கைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். விவரம் அறிந்தபின் பரிசோதனை வேண்டுவோருக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்; திசுப் பரிசோதனையும், அவசரப்பட்டு வெட்டாத தொடர் கண்காணிப்பும், சிகிச்சையும் சயான் மருத்துவமனையில் செலவின்றிக் கிடைக்க வேண்டும்.

ஒன்றைத் தோழர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவை அனைத்தும் அறிகுறி இல்லாதவருக்கே. சிறுநீரில் ரத்தம், சிறுநீர் கழிப்பதில் தடை, தீராத இடுப்பெலும்பு வலி உள்ளவர் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து கூடுதல். அவர் மருத்துவருடன் முன்னதாகவே பேச வேண்டும்.

அச்சத்தை விற்பது மூலதனத்தின் தொழில். அறிவைக் கொண்டு சேர்ப்பது நம் வேலை. கிளைக் கூட்டங்களில் இதை விவாதிப்போம். மாநகராட்சியின் வாசலில் இதைக் கோரிக்கையாக வைப்போம்.