ஸ்லக் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது

பெல்லட்டின் காலம் முடிந்துவிட்டது, எந்த ஏர்கன்னில் போட்டாலும் ஸ்லக்தான் அதிக தூரமும் துல்லியமும் தரும் என்ற பேச்சு ஏர்கன் ஆர்வலர்களிடையே வலுத்து வருகிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பெல்லட்டுக்கு இடை சுருங்கியிருக்கும். பின்பாகம் பாவாடைபோல விரிந்து, உள்ளே குடைவாக இருக்கும். அந்த உருவம் காற்றின் தடையை அதிகமாக வாங்குவதால் வேகம் சீக்கிரம் குறைகிறது. நிஜத் தோட்டாவைப் போல உருளையாகச் செய்யப்பட்ட ஸ்லக் தன் வேகத்தை அதைவிட நன்றாகத் தக்கவைத்துக்கொள்ளும். ஆனால் முதலில் அந்த வேகத்தை அதற்குக் கொடுத்தாக வேண்டும். வாதம் இடறுவது இங்கேதான்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளின் வரம்பு 4.5 மி.மீ. துளையும் 20 ஜூல் ஆற்றலும். இந்த 20 ஜூலை முழுதாகக் கொடுத்தாலும் 1 கிராம் எடையுள்ள ஸ்லக் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். 0.54 கிராம் பெல்லட்டோ சுமார் 270 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றே தடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஸ்லக் 50 மீட்டரைக் கடக்கக் கால் விநாடி ஆகும். அதற்குள் 30 செ.மீ. கீழே இறங்கிவிடும். பெல்லட் வழியில் கணிசமாக வேகம் இழந்தும் அதற்கு முன்பே இலக்கைத் தொட்டுவிடும், இறக்கமும் குறைவு. தூரத்தைக் கணிப்பதில் ஐந்து மீட்டர் பிசகினால் இந்த வித்தியாசம்தான் குறியைத் தவறவைக்கும். எடை குறைந்த ஸ்லக் போடலாமே என்பார்கள். எடை குறையக் குறைய ஸ்லக் குட்டையாகிறது. காற்றைக் கிழிக்கும் மேன்மையும் கூடவே குறைகிறது.

துல்லியத்தைப் பற்றிய கூற்று இதைவிட பலவீனமானது. பெல்லட்டை விரலால் அழுத்திக் குழலுக்குள் ஏற்றும்போது பாவாடையின் மெல்லிய விளிம்பு லேசாக இறுகுவது தெரியும். சுடும்போது காற்றழுத்தம் அந்த விளிம்பை விரித்து, குழலின் சுழல்வரிகளோடு ஒட்டவைக்கிறது. பறக்கும்போது பின்பக்கத்தில் ஏற்படும் காற்றுத்தடை, பூப்பந்தின் இறகுகள் செய்வதுபோல, முனையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. ஸ்லக்குக்கு இந்த உதவி கிடையாது. நேராகப் பறக்க அது நம்பியிருப்பது சுழற்சியை மட்டுமே. பெரும்பாலான ஏர்கன் குழல்களில் 16 முதல் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், அது பெல்லட்டுக்கென்று வைத்த கணக்கு. நீளமான ஸ்லக்குக்கு அது போதாமல் போகலாம். குழலின் துளை அளவோடு ஸ்லக்கின் விட்டம் இம்மி பிசகாமல் பொருந்தவும் வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளில் இறுக்கமான ஸ்லக்கை நகர்த்தவே ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிவிடும். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்தாம் வளையம் அரை மி.மீ. புள்ளி, தோட்டாவின் உருவம் எதுவாகவும் இருக்கலாம் என்று விதி சுதந்திரம் தருகிறது. ஆனாலும் அங்கே சுடப்படுவது தட்டை முனை பெல்லட்தான். பத்து மீட்டரில் காற்றுத்தடைக்கு வேலையில்லை என்பது சரி. பெல்லட் இயல்பிலேயே துல்லியமற்றது என்ற பேச்சைப் பொய்யாக்க இது போதும்.

பக்கக் காற்றில் ஸ்லக் குறைவாகத்தான் விலகும்; அதை மறுக்க முடியாது. ஆனால் ஐந்து குண்டுகளை ஒரே இடத்தில் இறக்க முடியாத துப்பாக்கியில் அந்த ஆதாயம் கைக்கு வராது. பெல்லட்டின் விளிம்பு டப்பாவிலேயே நசுங்கிவிடுகிறது என்ற குறையும் உண்மைதான். வெளிச்சத்தில் பார்த்து நசுங்கியதை ஒதுக்கினால் தீர்கிற குறை அது. உரிமம் பெற்ற, பெரிய துளையுள்ள, அதற்கேற்ற குழல் பொருத்திய பிசிபி (உயர் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடும்) ரைஃபிளில் 100 மீட்டருக்குச் சுடுபவர் தாராளமாக ஸ்லக்கைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்போதும் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். குறி தப்பிய ஸ்லக் பெல்லட்டைவிட வெகுதூரம் ஆற்றலோடு போகும், தரையிலோ கல்லிலோ பட்டுத் தெறிக்கும். வீடுகள் நெருங்கிய இடத்தில், இலக்குக்குப் பின்னால் கனமான மண்மேடு இல்லாவிட்டால் ஸ்லக்கைத் துப்பாக்கியில் ஏற்றவே கூடாது.