பிடுங்கின கையே பம்பு அடிக்கட்டும்!

களமருதூர்ப் பக்கம் சாயங்கால வேளையில் ரோட்டோரம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள்கள் சாரை சாரையாக வரும். மணி அடித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மாணவ–மாணவிகள் போவார்கள். கூட்டம் போன பிறகு, கொஞ்சம் பின்தங்கி, ஒரு பையனோ பெண்ணோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதையும் பார்க்கலாம்.

"என்ன தம்பி, பஞ்சரா?" என்று கேட்டால், "இல்லண்ணே, எவனோ காத்தைப் பிடுங்கிட்டான்" என்று பதில் வரும்.

எவனோ என்ன எவனோ? பக்கத்து பெஞ்சுக்காரன்தான். அது அவனுக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். கேட்டால் "சும்மா தமாஷுக்குச் செய்தேன்" என்பான். அதோடு விவகாரம் முடிந்தது.

முடிந்ததா? ஊருக்குப் போய்ச் சேர இன்னும் நாலு கிலோ மீட்டர் இருக்கிறதே! அதை நடந்து தீர்க்கிறவனைக் கேட்டால் அல்லவா தெரியும், அது தமாஷா இல்லையா என்று.

எத்தனை வகை தமாஷ்!

சைக்கிள் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே சைக்கிள் குறும்பும் இருக்கிறது. சீட்டை முன்பின்னாகத் திருப்பி வைப்பது ஒரு வகை. நண்பன் சைக்கிளைத் தூக்கிப் போய் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைப்பது ஒரு வகை. ஸ்போக்கில் உரசும்படி பலூனைக் கட்டிவிட்டு, 'டர்ர்ர்' என்று மோட்டார் மாதிரி சத்தம் வர வைப்பதும் உண்டு. ஸ்டாண்டில் ஒரே மாதிரி நூறு சைக்கிள் நின்றால், ஒருவன் சைக்கிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றி வைத்துத் தேட விடுவார்கள். அரசாங்க சைக்கிளுக்கு எல்லாம் ஒரே நிறம். தேடட்டும், தேடட்டும்!

இவை சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சைக்கிள்காரனும் இரண்டு நிமிஷம் திட்டிவிட்டு ஏறிப் போய்விடுவான். மறுநாள் அவனும் பதிலுக்கு ஒன்று செய்வான். இதற்கெல்லாம் யாரும் தலையங்கம் எழுத வேண்டாம்.

அடுத்த வகைதான் வில்லங்கம். காற்றைப் பிடுங்குவது. வால்வு பின்னைக் கழற்றி வயலில் எறிவது. டயரில் கருவேல முள்ளைக் குத்துவது. பெல் மூடியைக் கழற்றிக்கொண்டு போவது. பிரேக் கட்டையைத் தளர்த்தி வைப்பது. ஓடுகிற சைக்கிளின் கேரியரைப் பிடித்து இழுப்பது. அதற்கும் மேலே ஒன்று உண்டு. சக்கரத்தில் குச்சியை விடுவது!

முதல் வகையையும் இரண்டாவது வகையையும் ஒரே பெயரில் 'விளையாட்டு' என்கிறோம். அங்கேதான் தப்பு ஆரம்பம்.

அன்று தண்டனை, இன்று தமாஷ்

நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தி சைக்கிள் ஓட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் விளக்கு இல்லாமல் வந்தாலோ, டபுள்ஸ் வந்தாலோ போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். அபராதம் கட்டக் காசு இல்லை என்றால் குனிந்து காற்றைப் பிடுங்கிவிடுவார். "போ, தள்ளிக்கிட்டுப் போ" என்பார். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. நடைதான் அபராதம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்றைப் பிடுங்குவது அந்தக் காலத்தில் ஒரு தண்டனை. தப்புச் செய்தவனுக்குக் கொடுத்த தண்டனை. இன்றைக்கு அதே தண்டனையை, ஒரு தப்பும் செய்யாதவனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குத் தமாஷ் என்று பெயர் வைக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

1984–ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் சைக்கிள் கடையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யார்? ஆல் இன் ஆல் அழகுராஜா கடையில் செந்தில் செய்த அட்டகாசத்துக்குத் தியேட்டரே அதிர்ந்தது. ஆனால் சினிமாவில் சைக்கிள் கடை கண்ணெதிரே இருக்கிறது. நிஜத்தில், வயலும் கரும்புத் தோட்டமுமாகக் கிடக்கிற கிராமத்து ரோட்டில், கடை எங்கே இருக்கிறது? அதைத் தேடித்தான் ஆள் நடக்கிறான்.

யார் சைக்கிள் அது?

வசதி உள்ளவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறி வெகு காலம் ஆகிறது. இன்றைக்குப் பிழைப்புக்காக சைக்கிள் மிதிக்கிறவர் யார்? பள்ளிக்கூடப் பிள்ளை, பால்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர், ராத்திரி வாட்ச்மேன், கூடையைக் கட்டி வியாபாரம் பார்க்கிறவர். பெட்ரோல் போடப் பணம் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும்.

பால் சங்கத்தில் நேரத்துக்குப் பால் ஊற்ற வேண்டும். நேரம் போனால் அந்த வேளைப் பாலே வீண். வேலைக்குப் போகிறவர் மேஸ்திரி ஆள் பிடிக்கிற நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைய கூலி அம்பேல். பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா, ராத்திரி கடைசி பஸ்சில் வந்து இறங்கிப் பார்த்தால் இரண்டு சக்கரமும் தரையோடு தரையாக இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

காற்றை மட்டும் பிடுங்கினால் பம்பு இருக்கிற இடம் வரை நடந்தால் போதும். வால்வு பின்னையே எடுத்துவிட்டால் பம்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை. காற்று உள்ளே நிற்காது. பொறுமை இழந்து காற்று இல்லாத சக்கரத்தில் ஏறி மிதித்தானோ, ரிம் அழுத்தி டியூப் கிழியும், டயரும் கெடும். பிடுங்கினவனுக்கு ஒரு நொடி வேலை. பறிகொடுத்தவனுக்கு டியூப், டயர், கூலி என்று வரிசையாகச் செலவு.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்?

சைக்கிளோடு வந்த படிப்பு

பள்ளிக்கூட சைக்கிளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. தமிழ்நாட்டில் 2001–2002–ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கிற மற்ற மாணவ–மாணவிகளுக்கும் விரிந்தது. பீகாரில் 2006–ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு இதே மாதிரி சைக்கிள் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகமாம்.

இதன் அர்த்தம் என்ன? பல வீட்டில் பெண்பிள்ளை படிப்பு நிற்பதற்குக் காரணம் மூளை இல்லாதது அல்ல, தூரம். அந்தத் தூரத்தைக் குறைத்தது சைக்கிள். அந்தப் பிள்ளை வாரம் இரண்டு நாள் இருட்டிய பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால், வீட்டில் என்ன பேச்சு வரும்? "போதும், நின்னுடு" என்று யாராவது ஒருவர் வாய் திறந்தால் போச்சு. காற்றோடு சேர்த்துப் படிப்பையும் பிடுங்கின மாதிரிதான்.

பிரேக்கில் கை வைக்காதே!

காற்றாவது நடக்க வைக்கும். பிரேக் ஆளையே சாய்க்கும்.

சாதாரண சைக்கிளில் பிரேக் கட்டையைப் பிடித்திருப்பது ஒரு சின்ன நட்டு. அதைத் தளர்த்திவிட்டால், வண்டி நிற்கும்போது எதுவும் தெரியாது. ஓடும்போதுதான் தெரியும். ரிம்மில் எண்ணெய் தடவினாலும் கட்டை பிடிக்காமல் வழுக்கும். உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வழியாக பஸ்சும் லாரியும் பறக்கின்றன. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். அரவை நாளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்குகிற ரோடோ வளைவும் சரிவும். இந்த இடங்களில் பிரேக் பிடிக்காத சைக்கிளில் ஒரு பிள்ளை வந்தால் என்ன ஆகும்? எழுதவே கை வரவில்லை.

குச்சி விடுகிற சமாசாரமும் இப்படித்தான். முன் சக்கரம் திடீரென்று நின்றால் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டான். ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தலைகீழாகத்தான் விழுவான். செய்தவன் அதை எதிர்பார்த்துச் செய்வதில்லை. ஆனால் எதிர்பார்க்கவில்லை என்பதற்காக விழுந்தவனுக்குக் காயம் குறையுமா?

பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், மூன்று பேராக வருவார்கள். முன்னால் சைக்கிளில் போகிற மாணவி பக்கத்தில் வந்து திடீரென்று ஹாரன் அடிப்பார்கள். கேரியரை எட்டி உதைப்பார்கள். துப்பட்டாவை இழுப்பார்கள். பெண் தடுமாறினால் ஒரே சிரிப்பு.

உத்தரப்பிரதேச மாநிலம் அம்பேத்கர் நகர் மாவட்டத்தில் 2023 செப்டம்பரில் நடந்தது இதுதான். பள்ளி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய 17 வயது மாணவியின் துப்பட்டாவை, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இழுத்தார்கள். அந்தப் பெண் நிலைதடுமாறி ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த இன்னொரு மோட்டார் சைக்கிள் அவள் மேல் ஏறியது. உயிர் போய்விட்டது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துப் பதறியது.

நம் ஊரிலும் நடக்காதது அல்ல. 1998–ல் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பலின் அட்டகாசத்தால் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அவர் நடந்து போனவர். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது!

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500–க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். கேலி செய்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். கேலி நின்றுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. அப்படிப் பெற்ற உரிமையை இன்றைக்கு இரண்டு வாலிபர்கள் ஹாரன் அடித்துப் பறிக்க விடலாமா?

சட்டம் சும்மா இருக்காது

"சின்னப் பசங்க விஷயம், போலீசா?" என்று கேட்கலாம். காற்றைப் பிடுங்கின பையனை ஸ்டேஷனுக்கு இழுக்கச் சொல்லவில்லை. ஆனால் வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில், பிறர் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் செய்தால் 324–வது பிரிவுப்படி ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். அஜாக்கிரதையாக அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 125–வது பிரிவு. அதில் பலத்த காயம் ஏற்பட்டால் மூன்று வருஷம் வரை போகலாம். கோர்ட்டில் நின்று "தமாஷுக்குச் செய்தேன் ஐயா" என்றால் ஜட்ஜ் சிரிக்க மாட்டார்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டிலும் ஒரு பம்பு, ஒரு டப்பாவில் கொஞ்சம் வால்வு டியூப், ஒரு ஸ்பேனர். இவ்வளவுதான். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26–ல் தனி மாவட்டமாகி, தனிக் கலெக்டரும் தனி எஸ்.பி.யும் வந்தாயிற்று. கலெக்டர் மனது வைத்தால் ஒரு வாரத்து வேலை. பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்காரர்களும் ஒரு பம்பு வைத்தால் ராத்திரி வருகிறவர் வாழ்த்துவார். பள்ளி விடுகிற நேரத்தில் ரோட்டில் ஒரு ரோந்து போலீஸ் நின்றால் ஹாரன் கூட்டம் தானாகக் காணாமல் போகும்.

சைக்கிள் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு பிரேக்கை ஒரு தடவை சோதித்துப் பார்த்து ஏறச் சொல்லிக் கொடுங்கள். பெடலில் கால் வைக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்து, இரண்டு டயரையும் கட்டை விரலால் அமுக்கு. பத்து நொடி ஆகாது.

மாணவர்களே, குறும்பே வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? செய்யுங்கள். ஆனால் செய்யும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள்காரன் இரண்டு நிமிஷத்தில் ஏறிப் போக முடியுமா? "நான்தான் செய்தேன்" என்று அவன் எதிரே நின்று சொல்வாயா? இதையே தலைமை ஆசிரியரின் ஸ்கூட்டரில் செய்யத் துணிச்சல் உண்டா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அது விளையாட்டு. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது வம்பு. திருப்பி அடிக்க முடியாதவனாகப் பார்த்துச் செய்கிற வம்பு.

காற்றைப் பிடுங்கினவனைக் கண்டுபிடித்தால் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், அப்பாவைக் கூட்டி வரச் சொல்லவும் வேண்டாம். பம்பைக் கையில் கொடுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் அவனே அடிக்கட்டும். சட்டை நனைய அடிக்கட்டும். பிடுங்குவதற்கு எத்தனை நொடி, நிரப்புவதற்கு எத்தனை அடி என்று அவன் கைக்கே தெரியட்டும். மறுநாள் அந்தக் கை வால்வு பக்கம் போகாது!