"இந்த வயசுல எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு

அன்பான மாணவச் செல்வங்களே, உறவுகளே,

போன ஞாயிற்றுக்கிழமை அடிலெய்டில் மவுண்ட் லாஃப்டி உச்சியில் நின்று ஒரு படம் போட்டிருந்தேன். வந்த பதில்களை உட்கார்ந்து எண்ணினேன். "சூப்பர் டீச்சர்" வகையில் 11. "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" வகையில் 34. போதாததற்கு என் மகளுக்குத் தனியாகப் போன் போட்டு, "அம்மாவை இப்படியா விடுவ?" என்று சிலர் திட்டியிருக்கிறீர்கள். அவளை விட்டுவிடுங்கள். மலை ஏறியது நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் பாடம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் வாட்டர்ஃபால் கல்லி என்று ஒரு பள்ளத்தாக்கு. அருவியில் தொடங்கும் காட்டுப்பாதை, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஏறி உச்சிக்குப் போகிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேல். தூரம் ஒன்றுமில்லை, ஏற்றம்தான் ஆளைச் சோதிக்கும். சம உயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து என்று 31 வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். அது என்னவென்று என் கால்களுக்குத் தெரிந்தது 67 வயதில்தான்.

மேலே போனால் மேற்கே நகரம் முழுவதும் கட்டம் போட்ட நோட்டுத்தாள் மாதிரி விரிகிறது. அதற்கு அப்பால் செயின்ட் வின்சென்ட் வளைகுடா. 1802-இல் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் கடலுக்கு அந்தப் பக்கம் கங்காரு தீவில் இருந்து இந்த மலையைப் பார்த்துப் பெயர் வைத்தார். படத்தில் என் பின்னால் தெரியும் வெள்ளைத் தூண் அவர் நினைவாக நிற்பது. அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்பே இது கார்னா பழங்குடி மக்களின் மலை. இந்த மலைத்தொடரே விழுந்து கிடக்கும் ஒரு மாபெரும் மூதாதையின் உடல், இந்தச் சிகரமும் பக்கத்துச் சிகரமும் அவருடைய இரண்டு காதுகள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

உச்சி வரை கார் போக ரோடு இருக்கிறது. "அதான் ரோடு இருக்கே, காரில் போனால் என்ன?" என்று கேட்டவர்கள் 9 பேர். நான் ஒன்று கேட்கிறேன். பழனியில் விஞ்ச் இருக்கிறது, ரோப்கார் இருக்கிறது. உங்கள் பாட்டி அதில் போனாரா? பர்வதமலையில் கடப்பாரைப் படியைப் பிடித்து ஏறும் கிழவிகளை யாராவது தடுக்கிறோமா? "என்ன வைராக்கியம் பாரு" என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே வயதுக்காரி, சாமி பெயரைச் சொல்லாமல், ஆசைக்காக ஒரு மலை ஏறினால் மட்டும் அது புத்தி கெட்ட வேலையா? அப்படியானால் உங்கள் கவலை என் முட்டியைப் பற்றியது இல்லை. வயதான பெண் தனக்காக ஒன்றை விரும்பக் கூடாது என்பதுதான் உங்கள் சங்கடம்.

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, மூன்று மாதம் தெருவில் நடந்து பழகிய பிறகுதான் போனேன். விடிந்ததும் கிளம்பினேன். இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல ஷூ, சார்ஜ் உள்ள போன். எத்தனை மணிக்குள் உச்சியில் இருப்பேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் காரோடு மேலே காத்திருந்தாள், ஏனென்றால் முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். உங்களிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை பாதியில் வெயில் ஏறியது, தலை லேசாகச் சுற்றியது. திரும்பி வந்துவிட்டேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. இங்கே தீ அபாயம் அதிகமான நாளில் பாதையையே மூடிவிடுவார்கள். 1983-இல் இந்த மலை எரிந்திருக்கிறது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் என்னைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம்.

ஆனால் உட்கார்ந்தே இருப்பதில் ஆபத்து இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? 65 வயது தாண்டியவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இளையவர்களுக்குச் சொல்லும் அதே கணக்கு. வயதுக்குத் தள்ளுபடி கிடையாது. "ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே ஒருவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட முடியும். என் அம்மாவுக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர், கடைசி ஆறு வருடம் வாசல்படி தாண்டவில்லை.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 34 பேரில் என்னிடம் படித்த பெண்கள் 20 பேருக்கு மேல். உங்களுக்கு 45, 50 வயது. சுகர், முட்டிவலி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் உங்கள் பி.டி. பீரியடை யார் எடுத்துக்கொண்டது என்று ஞாபகம் இருக்கிறதா? நான்தான். போர்ஷன் முடிக்க வேண்டும் என்று வாங்கிக்கொள்வேன். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, "பொம்பளப் புள்ளைங்க உட்காருங்க, மேப் வரைவோம்" என்றேன். நீங்களும் மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தீர்கள். உட்கார வைக்கப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அன்று நான் சொன்னதைத்தான் இன்று நீங்கள் என்னிடம் திருப்பிச் சொல்கிறீர்கள். அதனால்தான் அந்த 34 பதில்களும் எனக்கு அவ்வளவு வலித்தன.

மன்னித்துவிடுங்கள் பிள்ளைகளே. அந்தப் பீரியட்களை என்னால் திருப்பித் தர முடியாது. ஒரு வீட்டுப்பாடம் மட்டும் தருகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றாவது இருக்கும். இல்லையென்றால் ஏரிக்கரை இருக்கும், அதுவும் இல்லையென்றால் வீட்டு மாடிப்படி இருக்கும். முடிந்தவரை ஏறுங்கள். முடியாவிட்டால் பாதியில் திரும்புங்கள், அதற்கும் மார்க் உண்டு. வீட்டில் யாராவது "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று கேட்டால், டீச்சர் சொன்னாங்க என்று சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு நான் மறுபடியும் போகிறேன். என் மகளுக்குப் போன் போடாதீர்கள், இந்த முறை அவளும் என்னோடு நடந்து வருகிறாள்.

அன்புடன்,
உங்கள் ஜியாகிரஃபி டீச்சர்