உறிஞ்சுவாய் எங்கே இருக்க வேண்டும்?

மதுராந்தகம் வட்டாரத்துக் கிரஷர்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், ஒரு கனமீட்டர் காற்றில் 600 மைக்ரோகிராமுக்கு மேல் தூசு இருக்கக் கூடாது. ஆனால் அதே கருங்கல்லை மாமல்லபுரத்துப் பட்டறையில் கிரைண்டரால் இழைக்கும் சிற்பியின் மூக்கு, தூசு கிளம்பும் இடத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கிறது.

உளியால் கொத்தினால் சில்லு தெறிக்கும். கிரைண்டர் பட்டால் கல் மாவாகப் பறக்கும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் தூள் அங்கே தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய். வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்தில்லை.

பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. காற்றின் கணக்கு வேறு. மெழுகுவர்த்தியை எட்ட நின்று ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாயும். உறிஞ்சும்போது எல்லாப் பக்கமிருந்தும் வரும். 1930 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர் டல்லாவாலே இதைச் சூத்திரமாக்கினார். அதன்படி, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உறிஞ்சுவாய்க்கு (தூசை இழுக்கும் குழாயின் திறப்புக்கு) முன்னே 10 சென்டிமீட்டரில், வாயருகே உள்ள வேகத்தில் கால்பங்குதான் மிஞ்சும். 20 சென்டிமீட்டரில் ஏழு சதவீதம். அதற்கப்பால் கடற்காற்றே எஜமான். தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றை இழுக்க வேண்டும். மின்கட்டணமும் கூடவே ஏறும். வாயைச் சுற்றி ஒரு தகட்டு விளிம்பு வைத்தாலோ தேவைப்படும் காற்று சுமார் கால்பங்கு குறையும்.

இன்னொன்று, ஸ்டாண்ட் ஃபேன். புழுக்கத்துக்காக முதுகுக்குப் பின்னால் வைக்கிறார்கள். உடலைச் சுற்றி வரும் காற்று நெஞ்சுக்கு முன்னே சுழல்கிறது. தூசை முகத்துக்கே கொண்டுவருகிறது. பக்கவாட்டில் வைப்பது மேல். கிரைண்டரின் சக்கரம் தூளை வீசும் பாதையில் உறிஞ்சுவாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஊதுபத்தி ஏற்றி அதன் புகையைப் பார்த்தாலே காற்று போகும் வழி புரியும்.

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவு, உறிஞ்சும் கருவி தூசு கிளம்பும் இடத்துக்கு முடிந்தவரை அருகே இருக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூட வேண்டும் என்றது. நாலைந்து பேர் உழைக்கும் பட்டறை அதன் வரையறைக்குள்ளேயே வரவில்லை. இதுதான் பெரிய ஓட்டை.

2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்குக் கிடைத்த காப்பு செதுக்குபவருக்கும் வேண்டும். கல்லோடு நகர்த்தக்கூடிய, கைக்கெட்டும் விலையில் ஓர் உறிஞ்சுவாயை அங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியும் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து வடிவமைக்கட்டும். அதற்கான மானியத்தை அரசு அடுத்த பட்ஜெட்டிலேயே அறிவிக்கட்டும்.