ஜூலையில் ஒரு சர்க்கரைப் பேருந்து

ஜூலையில் பிறந்த பிள்ளைக்கு ஜூலையில்தான் கேக் வெட்டியாக வேண்டும். மும்பையில் அப்போது மழை விடாமல் பிடித்திருக்கும். கிண்ணத்தில் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப் போகும். சர்க்கரையைப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, கேக்கின் மேல் போர்த்துகிற ஃபாண்டன்ட் வேலைக்கு இதைவிட மோசமான பருவம் கிடையாது. தாராவி கிராஸ் ரோட்டில், ஏணிப்படி ஏறிப்போகும் ஒரு மாடி அறையில், அந்தப் பருவத்தில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். சொல்லித் தந்தவள் என்னைவிட மிகவும் இளையவள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறாள். செம்பூரிலிருந்து நான் போய் வருவேன்.

வழக்கமான அளவு இது: ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஐசிங் சர்க்கரை, அரைக் கோப்பை லிக்விட் குளுக்கோஸ், கிளிசரினும் ஜெலட்டினும் தலா ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் வனஸ்பதி. குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை மறுபடி மணல்மணலாகத் திரளாது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு காய்ந்து வெடிக்காது. குளிர்ந்து வறண்ட காற்றுள்ள ஊர்களில் பிறந்த அளவு இது. நம் ஊர் மழைக்காலத்தில் காற்றே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது, கிளிசரின் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் ஜூன் பிறந்ததும் அவள் கிளிசரினைக் குறைத்துவிடுவாள். உருவங்கள் செய்ய எடுக்கும் மாவில் கால் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சிஎம்சி தூள் சேர்ப்பாள். அது தண்ணீரைக் கட்டிப்போட்டு மாவை விறைப்பாக்கும்.

ஃபாண்டன்ட் கேக் என்றால் பெரிய ஓட்டல், பெரிய வீட்டுக் கல்யாணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த மாடி அறையில் நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். பேக்கரியில் வாங்கும் கேக்கின் மேல் இருப்பது பெரும்பாலும் அடித்த விப்பிங் கிரீம். வெட்டுகிற நிமிஷம் வரை அதற்குக் குளிர்ச்சி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், ஃப்ரிட்ஜ் இருந்தாலும் அதில் ஒரு கேக் டப்பாவுக்கு இடம் ஏது? ஃபாண்டன்டுக்கு அடியில் இவள் பூசுவது கனாஷ்: டார்க் காம்பவுண்ட் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. வெக்கை அதிகமானால் சாக்லேட் மூன்று பங்கு. அது இறுகியதும் மேலே சர்க்கரைப் போர்வை. உள்ளே பழமோ கிரீமோ வைக்காவிட்டால், இரவு முழுக்க அலமாரி மேல் அசையாமல் நிற்கும். ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் இதற்குக் கேடு. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வியர்க்கும், சாயம் கரைந்து வழியும். குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்குப் பொருந்துகிற பிறந்தநாள் கேக் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கைப்பழக்கத்துக்கு நமக்குப் புது ஊர் போகவேண்டியதில்லை. கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறி, ஈரத்துணி மூடி, சின்ன உருண்டையாக எடுத்துச் சொப்பு செய்த கைக்கு ஃபாண்டன்ட் சீக்கிரம் வசப்படும். மூடாமல் விட்டால் காயும். காய்ந்தால் மடிப்பில் விரியும். மெல்லிசாக இருந்தால்தான் வாய்க்கு நன்றாக இருக்கும். சப்பாத்திக் கட்டையால் மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்த்தால் போதும் என்பது அவள் கணக்கு. பலகையில் ஒட்டாமல் இருக்கச் சோளமாவை மெல்லிய துணியில் முடிந்து தட்டுவாள். "அக்கா, உள்ளங்கைய வச்சு அமுக்காதீங்க, சூடு ஏறுதுல்லா. விரல் நுனி போதும்." கை சூடு பட்டால் மாவு இளகி, விரல் ரேகையெல்லாம் பதிந்துவிடும்.

அந்த ஜூலைக் கேக்கை அவள் அண்ணன் மகனுக்காகச் செய்தோம். அவன் கேட்டது சிவப்பு டபுள் டெக்கர் பஸ். அவனுடைய தாத்தா, மும்பைப் பேருந்துகளை ஓட்டும் பெஸ்ட் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பம்பாயில் 1937-இல் ஓடத் தொடங்கிய டபுள் டெக்கர், டீசல் வண்டியாகக் கடைசியாக ஓடியது 2023 செப்டம்பர் 15 அன்று, அந்தேரியில், 415-ஆம் தடத்தில். மாலை போட்டு வழியனுப்பினார்கள். இப்போது ஓடுகிற ஏசி மின்சார டபுள் டெக்கரும் அழகுதான், ஆனால் பையனுக்குத் தாத்தாவின் வண்டிதான் வேண்டும். கடையில் அச்சடித்தாற்போல் வரும் கார்ட்டூன் பொம்மைக் கேக்குகளில் இது கிடைக்காது. வீட்டில் செய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சிவப்புதான் கடினம். இளஞ்சிவப்புக்கு ஒரு சொட்டு ஜெல் சாயம் போதும். பேருந்துச் சிவப்பு வரச் சாயத்தை அள்ளி ஊற்ற வேண்டும். மாவு பிசுபிசுக்கும், கசக்கும். பொறுமையாக முந்தின நாளே பிசைந்து மூடி வைத்தால், இரவோடு நிறம் தானாகவே ஆழமாகும். சாய விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உணவுக்கென்று இந்தியச் சட்டம் அனுமதிக்கும் செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டு, அவற்றுக்கும் உச்ச அளவு உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது, துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் அதில் இருந்ததால்தான். பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்துச் சாயத்தை, விலை குறைவு என்பதற்காகக் குழந்தையின் கேக்கில் சேர்ப்பது பெரிய தப்பு. நாங்கள் சிவப்பை மேல்தகட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். உரித்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிற பிள்ளை உரித்து வைக்கட்டும்.

ரொட்டி அச்சில் வேகவைத்த இரண்டு கேக்குகள், ஒன்றின் மேல் ஒன்று. மேலடுக்கு கீழடுக்கை அழுத்தாமலிருக்க நடுவில் அட்டையும் உறிஞ்சுகுழாய்த் துண்டுகளும். சுற்றிலும் கனாஷை வெந்நீரில் நனைத்த கத்தியால் இழுத்து மூலைகளைக் கூர்மையாக்கினோம். பேருந்துக்கு மூலை முக்கியம். சன்னல்களுக்குச் சாம்பல் நிறம், சக்கரத்துக்குக் கறுப்பு. நெற்றிப் பலகையில் 415. தாத்தா வந்து பார்த்தார். பின்பக்கப் படிக்கட்டு எங்கே என்று கேட்டார். அவள் மிச்சமிருந்த மாவில் படிக்கட்டு செய்து ஒட்டினாள். ஒட்டுவதற்குப் பசை வேறில்லை, தூரிகையில் தொட்ட தண்ணீர்தான்.

மாதுங்காவின் சைவ வீடுகளில் கேள்வி வேறு. முட்டை கூடாது, ஜெலட்டின் கூடாது. கேக்குக்குக் கண்டென்ஸ்டு மில்க் கைகொடுக்கும். ஆயத்த ஃபாண்டன்டில் பச்சைப் புள்ளி போட்டதாகப் பார்த்து வாங்கலாம். நம் பக்கத்து ஊரான புனேயில் பிராச்சி தபல் தேப் என்பவர், முட்டை வெள்ளை சேர்க்காத ராயல் ஐசிங்கில் மிலான் தேவாலயத்தை நூறு கிலோவுக்குக் கட்டி, 2022-இல் உலகத்தின் கவனத்தைப் பெற்றார். இங்கிலாந்து அரச குடும்பத்துக்குக் கேக் அலங்கரித்த எடி ஸ்பென்ஸிடம் பயின்றவர் அவர். குருவிடம் கற்ற முறையில் முட்டை வெள்ளை இருந்தது. இவர் நம் நாட்டு வீடுகளை நினைத்து அதை மாற்றினார். எனக்கு அந்தத் தேவாலயத்தைவிட இந்த மாற்றம் பெரிதாகத் தெரிகிறது.

மாதுங்காவில் ஒரு பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மல்லிகைச் சரம் வைத்த கேக் கேட்டார்கள். கிராஃபோர்டு மார்க்கெட் கடைகளில் ரோஜாவுக்கும் டெய்சிக்கும் அச்சு உண்டு; நம் மல்லிக்கு நான் தேடியவரை கிடைக்கவில்லை. மாதுங்கா பூக்கடை வரிசையில் கால் முழம் வாங்கி, இதழ் இதழாகப் பிரித்துப் பார்த்தேன். அச்சில்லாமலே செய்ய வழியிருக்கிறது: மாவைச் சிறு கூம்பாக உருட்டி, அகன்ற முனையைக் கூரான குச்சியால் துளைத்து, கத்தரியால் இதழ்களுக்குக் கீறி, ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் அமுக்கி விரிக்க வேண்டும். மொட்டுக்கு உருட்டினால் போதும். கம்பி குத்தவே இல்லை. சரம் சரமாய் அடுக்கினோம், பாட்டி ஒரு பூவை எடுத்து முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

செட்டாநகர் முருகன் கோயில் பக்கத்தில் குடியிருக்கும் தோழியின் பேத்திக்குச் செப்டம்பரில் பிறந்தநாள். மயில் வேண்டுமாம். கழுத்து சாயாமல் நிற்க உள்ளே வேகாத ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றைச் செருகலாம். கேக்கிலிருந்து எடுக்க மறந்தாலும் அது தின்கிற பொருள்தான். நீலம், சிவப்பைப் போல் படுத்தாது, கொஞ்சம் சாயத்திலேயே ஏறிவிடும். தோகையை மூன்று நாள் முன்பே செய்து, சோளமாவு தூவிய தட்டில் மின்விசிறிக்கு அடியில் காயவைக்க வேண்டும் என்று கிராஸ் ரோட்டுக்காரி சொல்லியிருக்கிறாள்.