எத்தனை காலம் சுமப்பது?

"பழைய கணினியில் புதிய மென்பொருள் ஏற மறுக்கின்றதே, இது நியாயமா?" என்று மாணாக்கர் சிலர் வினவுகின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகமும் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது. இந்நாளில் வன்னிப் பிள்ளைகள் இத்தகைய வினாவை எழுப்புவது மகிழ்ச்சிக்குரியதே. விடையைச் சற்று ஆராய்வோம்.

இணையத்தளம் அமைப்போர்க்கு உதவும் சட்டகங்களுள் ஒன்று ஜாங்கோ. அஃது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலே, ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003 இல் உருவாகி, 2005 இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. உயர்தர வகுப்பில் நம் பிள்ளைகள் பயிலும் பைதன் மொழியிலேயே அஃது எழுதப்பட்டுள்ளது. 2008 டிசெம்பரில் பைதனின் 3 ஆம் பதிப்பு வெளிவந்தபொழுது, பழைய பதிப்பில் எழுதிய செய்நிரல்கள் பல அதில் அப்படியே இயங்கவில்லை. ஜாங்கோவை ஆக்குவோர் 2013 முதல் இரண்டு பதிப்புகளையும் ஒருங்கே சுமந்தனர்; 2017 டிசெம்பரில் வந்த 2.0 ஆம் பதிப்பிலே பழையதைக் கைவிட்டனர்.

இச்சுமை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால், பழைய பைதன் 3 என்னும், புதியது 3.5 என்னும். சராசரிப் புள்ளி கணிக்கும் செய்நிரல் இரண்டிலும் ஒரே விடை தரவேண்டுமாயின், அதனை இரண்டிலும் சோதித்துத் திருத்துதல் வேண்டும். இவ்வேலையிலே காலத்தைச் செலவிடுவோருட் பலர் ஊதியம் பெறாத் தொண்டர்கள் என்பதை மறத்தலாகாது.

தமிழருக்கு இம்மாற்றத்தால் ஒரு நன்மையும் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லைச் சாதாரணமாக எழுதி அதன் நீளத்தைக் கேட்டால், யு.டி.எப்-8 முறையில் பழைய பைதன் 15 என்று பைட்டுகளை எண்ணியது. புதியதோ யுனிகோட் குறியீடுகளை எண்ணி 5 என்கின்றது. நாம் எண்ணும் எழுத்து மூன்றே. ஆகவே குறை முற்றுந் தீர்ந்திலது. ஆயினும் வழி செம்மையாயிற்று.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைதன் 3.8 வரையே ஏறும். 2023 டிசெம்பரில் வந்த ஜாங்கோ 5.0, பைதன் 3.10 க்குக் கீழ்ப்பட்டவற்றை ஏற்பதில்லை. எனவே அக்கணினியை உடைய மாணவன் ஜாங்கோ 4.2 உடன் நின்றுவிடுகின்றான். அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஏப்ரல் வரை என்றே எல்லை வகுக்கப்பட்டது. தொண்டர் இறக்கிய சுமை, புதுக் கணினி வாங்க வழியற்றவன் தோளிலே ஏறுகின்றது. இதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும் மாணாக்கர் மனந்தளர வேண்டுவதில்லை. கைவிடப்பட்ட பதிப்பு உடனே நின்றுபோவதன்று. திருத்தங்கள் வருவதே நிற்கும். மொழியின் அடிப்படையைக் கற்கவும் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யவும் பைதன் 3.8 தாராளமாகப் போதும். ஆனால், கூட்டுறவுச் சங்க அங்கத்தவரின் பெயர், முகவரி, கடன் விபரம் போன்றவற்றைத் தாங்கும் இணையத்தளத்தைத் திருத்தம் நின்ற பதிப்பில் நடத்துதல் தகாது. கண்டறியப்படும் ஓட்டைகளை அங்கே அடைப்பார் இலர்.

பழைய கணினிகள் பெரும்பாலானவற்றில் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸின் எளிய வகையொன்றை நிறுவலாம். அதிலே புதிய பைதனும் இயங்கும். பாடசாலைகளுக்குக் கணினி வழங்கும் அன்பர்களும் பழைய மாணவர் சங்கத்தாரும், பொறியைக் கொடுப்பதோடு அமையாது, இதனையும் நிறுவி, ஆசிரியர் ஒருவருக்கேனும் பழக்கிக் கொடுப்பாராயின், அக்கொடை இன்னுஞ் சில ஆண்டுகள் பயன்தரும்.