நேர்முகப் பரீட்சை எனும் சடங்கு

கலா ஓயா புத்தளக் களப்பை நெருங்கும் எலுவன்குளத்திலிருந்து கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞன், சான்றிதழ்க் கோவையுடன் விடியுமுன்னரே புறப்படுகிறான். அங்கு மறைமுகமாக வினவப்படுவது ஒன்றே: யாரைத் தெரியும்?

இஃது இன்று முளைத்த நோயன்று. 1977க்குப் பின் வந்த தொழில் வங்கித் திட்டம் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 1000 படிவங்களை வழங்கிற்று. படிவம் கிட்டாதவன் வாயிலுக்கு வெளியே நின்றான். இளைஞர் கொந்தளிப்பின் காரணங்களுள் இவ்வரசியற் சிபாரிசையும் 1990இல் சனாதிபதி ஆணைக்குழு எண்ணியது.

தனியார் கம்பனிகள் இதற்கு விலக்கென்பர் சிலர். நன்று! ஆங்கில உச்சரிப்பையும் படித்த பாடசாலையின் பெயரையும் நிறுப்பது எவ்வகைத் தகுதி? வினாக்களையும் புள்ளிகளையும் முன்னரே வகுத்துப் பதியாத சபை எதனைக்கொண்டு மதிப்பிட்டது? நிராகரிக்கப்பட்டவனுக்கு ஒரு வரிப் பதிலேனும் எழுத அவர்களுக்கு நேரமில்லை. அரச நிறுவனங்களிலாவது 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி திறந்துள்ளது, புள்ளித்தாளைக் கேட்கட்டும்.